டேங்க் மூடிச் சாவி

எங்கள் மாமாவை நான் பழிவாங்கியதைச் சொல்வதற்கு முன்னால் என் வண்டியின் பெட்ரோல் முள்ளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது பொய் சொல்லும். டேங்க் நிரம்ப ஊற்றினால் முக்கால் காட்டும். அப்புறம் பாதிக்கு இறங்கி அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். பெட்ரோல் வற்றி, துருவோடு நாலு சொட்டு அடியில் கிடக்கும்போதும் பாதிதான். சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினால் கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும். அண்ணாமலை நகரில் வேலை பார்த்த ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கிய நூறு சிசி வண்டி அது. விற்கும்போது அவர், "லிட்டருக்கு எழுவது குடுக்கும் தம்பி" என்றார். வண்டி விற்கிறவர் சொல்லும் மைலேஜும் மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளமும் ஒன்றுதான். ஐம்பதைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

அதனால் நான் முள்ளை நம்பி வண்டி எடுத்தவன் இல்லை. காலையில் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பேன். இடுப்பால் வண்டியை ஓர் ஆட்டு ஆட்டினால் உள்ளே சலசலக்கும். முதுநகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து குடிகாட்டில் இருக்கும் கம்பெனிக்குப் போய்த் திரும்ப அது போதுமா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. டேங்க்குக்கு அடியில் ஒரு டேப். அதை 'ஆன்' நிலையில் வைத்து ஓட்டுவோம். வண்டி திணறும்போது ரிசர்வுக்குத் திருப்பினால் அடியில் மிச்சமிருக்கும் பெட்ரோல் வரும். அடுத்த பங்க்கில் ஊற்றியதும் மறக்காமல் ஆனுக்குத் திருப்பிவிட வேண்டும். திருப்பாமல் விட்டால் திணறல் கிணறல் எதுவும் இல்லாமல் வண்டி ஒரேயடியாக நின்றுவிடும்.

மாமா திருப்பமாட்டார். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். இரண்டாயிரத்து நாலில் அக்காவைக் கிள்ளையில் கொடுத்தோம். அவருக்குச் சிதம்பரத்தில் ஓர் ஆபீசில் வேலை. எங்கள் தெருவில் மற்ற வீட்டு மாப்பிள்ளைகள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள், எங்கள் வீட்டு மாப்பிள்ளை மட்டும் பேன்ட் போட்டவர். அம்மாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அவர் வந்தால் வஞ்சிரத்தின் நடுத்துண்டு அவருக்கு, ஃபேனுக்கு நேரே இருக்கும் இடம் அவருக்கு, என் வண்டிச் சாவியும் அவருக்கு. பாண்டிச்சேரி, நெல்லிக்குப்பம் என்று சுற்றிவிட்டு, ரிசர்வில் ஓட்டி, ரிசர்விலேயே கொண்டுவந்து நிறுத்துவார். ஒரு நாளும் ஊற்றியதில்லை. வாயைத் திறந்து கேட்டால் அது கிள்ளையில் அக்கா தலையில் விடியும். பெண் கொடுத்த வீடு பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று அப்பா சொல்வார். நான் கடித்தேன்.

அப்போது நான் அந்த கெமிக்கல் கம்பெனியின் பேக்கிங் ஷெட்டில் கான்ட்ராக்ட் கூலி. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மூட்டையில் பவுடர் அள்ளும் வேலை. வீட்டுக்கு வந்து எத்தனை சோப்பு போட்டாலும் சோற்றில் அந்த வாடை அடிக்கும். கெமிஸ்ட்ரி டிப்ளமோ முடித்தவர்களை லேபுக்கு எடுத்து நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள், அதுவும் இந்த ஒரு முறைதான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நான் தபால்வழியில் படித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒரே ஒரு பேப்பர் பாக்கி. அண்ணாமலை நகரில் பரீட்சை. அதை எழுதிவிட்டால் ஷெட்டிலிருந்து தப்பித்துவிடலாம்.

பரீட்சைக்கு முதல் நாள் மாமா வந்து வண்டியை எடுத்துப் போனார். சாயங்காலம் கொண்டுவந்து விட்டபோது வாசலிலேயே நின்று கேட்டேன்.

"பெட்ரோல் இருக்கா மாமா? காலைல பரிச்சைக்கிப் போவணும்."

"முள்ளு பாதி காட்டுது மச்சான். சிதம்பரம் போயிட்டு வந்து மறுபடியும் போலாம். என்னாத்துக்கு பயப்படுற?"

அன்றைக்கே பஸ் ஏறிக் கிள்ளைக்குப் போய்விட்டார். காலையில் பார்த்தால் ஆணியில் வண்டிச் சாவி மட்டும் தொங்குகிறது. டேங்க் மூடிக்குத் தனிச் சாவி, வளையத்திலிருந்து அடிக்கடி கழன்றுவிடும். அதைக் காணோம், மாமா சட்டைப் பையில் போட்டுக்கொண்டே போயிருக்கிறார். இடுப்பால் ஆட்டிப் பார்த்தேன், ஏதோ சலசலத்தது. நான் யோசிப்பதைப் பார்த்து அம்மா, "மாப்ளயே இருக்குன்னு சொல்லிட்டாரு, அப்புறம் என்னாடா சந்தேகம்?" என்றாள். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை சொல்லை மீறுவது குலதெய்வத்துக்குச் சொன்னதை மீறுவது மாதிரி. கிளம்பிவிட்டேன்.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றது. சரி, ரிசர்வு இருக்கிறது என்று குனிந்து டேப்பைத் தொட்டேன். அது ஏற்கெனவே ரிசர்வில் இருந்தது. அந்த நேரத்தில் என் விரலுக்குத் தெரிந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வண்டியை இடது பக்கம் படுக்கப்போட்டு நிமிர்த்தி உதைத்தேன். கொஞ்ச தூரம் ஓடி மறுபடி செத்தது. பால் கேனோடு வந்த ஒருவர் பரிதாபப்பட்டு, தன் வண்டியிலிருந்தே பெட்ரோல் பிடித்துத் தருகிறேன் என்றார். தந்தால் எதில் ஊற்றுவது? மூடி பூட்டியிருக்கிறது. சாவி மாமாவின் சட்டைப் பையில் கிள்ளையில் இருக்கிறது. கை காட்டிய பஸ் ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு மீன் வண்டியில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, உள்ளே விடும் நேரம் முடிந்துவிட்டிருந்தது. வாசலில் நின்றவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். உள்ளே எல்லாரும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது வண்டியைப் புதுச்சத்திரத்துக்குத் தள்ளிப்போய் மூடியின் பூட்டை உடைத்துப் புதுப் பூட்டு போட்டேன். அந்தச் சாவியை மட்டும் வளையத்தில் கோக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இனி மாமா எடுத்துப் போனாலும் ஊற்றவா போகிறார், அவருக்கு எதற்கு மூடிச் சாவி?

வீட்டில் கேள்வி கஷ்டமாக இருந்தது, பெயிலாகிவிட்டேன் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்? உண்மையைச் சொன்னால் அம்மா அழுவாள், அப்பா கிள்ளைக்குப் போய்ச் சண்டை போடுவார், முடிவில் அடி அக்காவுக்கு. கம்பெனி வேறு ஆட்களை லேபுக்கு எடுத்துக்கொண்டது. சொன்னபடியே அதற்கப்புறம் யாரையும் எடுக்கவில்லை. நான் ஷெட்டிலேயே கிடந்தேன்.

அதோடு விட்டிருந்தால்கூட ஆறப்போட்டிருப்பேன். மாமா விடவில்லை. எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் பத்துப் பேர் நடுவில் என் தோளில் கைபோட்டு, "இவருதான் எங்க மச்சான். படிப்பு வரல, பேப்பர பாத்ததும் பயந்துட்டாரு" என்பார். அவருடைய ஆபீஸ்காரர்களுக்குக்கூட நான் பெயில் மச்சான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே கறுவிக்கொண்டே இருந்தேன். அந்தக் கறுவல் எனக்கு ஒரு துணை மாதிரி ஆகிவிட்டது, மூட்டை அள்ளும்போதெல்லாம் கூடவே இருந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். கிள்ளையில் வீட்டு முன்னால் பந்தல். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவது. ராஜாவே வந்தாலும் வேறு மடி செல்லாது. கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். பத்திரிகையை வாங்கிய கையோடு என் வேலையைத் தொடங்கிவிட்டேன்.

லீவு நாட்களில் டேங்க்கைச் சுத்தமாக வடித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலால் அளந்து ஊற்றி, டேப்பை ரிசர்வில் வைத்து, சிதம்பரம் ரோட்டில் ஓட்டுவேன். எங்கே நிற்கிறதோ அங்கே கையில் கொண்டுபோன மிச்சத்தை ஊற்றித் திரும்பி வருவேன். முதலில் புதுச்சத்திரத்துக்கே போகாமல் ஆலப்பாக்கத்தில் நின்றது. கூட்டினேன், முட்லூரைத் தாண்டிவிட்டது. கடல் காற்று எதிரே அடிக்கும் நாளில் ஒரு கணக்கு, அடிக்காத நாளில் ஒரு கணக்கு. அந்தப் புளியமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்த எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் நான் அத்தனை அக்கறையாகப் படித்ததில்லை. டிப்ளமோவைக்கூட. பழைய வண்டியின் மைலேஜைப் பற்றி உண்மையைப் பேசக்கூடியவன் கடலூர் மாவட்டத்திலேயே நான் ஒருத்தன்தான் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

காதுகுத்து அன்றைக்குச் சீர்த்தட்டுகளோடு அம்மாவும் அப்பாவும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். குழந்தையின் நல்ல நேரத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை. அதனால் நின்று, பேசி, போய்ச் சேர நேரம் இருக்கிற மாதிரிதான் கிளம்பினேன். வேர்க்க வேண்டியது மாமாவுக்கு மட்டும்தான். அத்தனை படித்தும் வண்டி மரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரம் வரைக்கும் தள்ளிப்போய் நிழலில் உட்கார்ந்து போன் செய்தேன்.

"மாமா, வண்டி நின்னுபோச்சி. பெட்ரோல் இல்ல."

"பாக்காமயா கெளம்புவ?"

"முள்ளு பாதி காட்டிச்சி மாமா."

"எங்க நிக்கிற? ஆள அனுப்புறேன்."

"புதுச்சத்திரம் தாண்டிப் புளியமரத்தடியில. நீங்களே வாங்க. வேற யாரு வந்தாலும் நான் வரல."

மேளச் சத்தத்துக்கு நடுவில் போனை வைத்துவிட்டார். விசேஷத்தில் தாய்மாமன் கோணினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும்.

யாருடைய வண்டியையோ ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டு லிட்டர் பெட்ரோல் பாட்டிலை இரண்டு தொடைக்கும் நடுவில் இடுக்கியிருந்தார். மூடி சரியாக மூடாமல் புது வேட்டி முழுக்கச் சிந்தியிருந்தது. அந்த வேட்டியைப் பார்த்தபோதே பாதிப் பசி அடங்கியது எனக்கு.

"இந்தா, ஊத்து ஊத்து. எல்லாரும் காத்துனு கெடக்குறாங்க."

நான் எழுந்திருக்கவில்லை.

"சாவி எங்க?"

"பையில இருக்கு."

"எடு மச்சான். இல்லன்னா வண்டி கெடக்கட்டும், எம் பின்னால ஏறு."

"வண்டிய உட்டுட்டு வரமாட்டன். அன்னிக்கிம் இதே மரத்தடியிலதான் மாமா நின்னன். அன்னிக்கிச் சாவி ஒங்க பையில இருந்திச்சி."

"என்னிக்கி?"

அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் நான் அடித்துக்கூட இருப்பேன். பரீட்சைக்கு முதல் நாள், முள், ரிசர்வு, பால்காரர், சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நடுவில் இரண்டு தரம் வாட்சைப் பார்த்தார்.

"இப்ப நான் என்னா பண்ணணுங்கிற?"

"பந்தல்ல மைக்கு வச்சிருக்கீங்கல்ல. அதுல சொல்லணும். நான் பெயிலாவலன்னு சொல்லணும். ஏன்னும் சொல்லணும்."

"மச்சான், ஆபீஸ்காரங்கள்லாம் வந்திருக்காங்க. வீட்டு மானம் போயிடும்."

"எம் மானம் எந்த வீட்டுது மாமா?"

அவர் மறுபடி ஒரு தரம் வாட்சைப் பார்த்தார். அப்புறம் சரி என்று தலையை ஆட்டினார். நான் சாவியை எடுத்து மூடியைத் திறந்தேன். "நீங்களே ஊத்துங்க" என்றேன். ஊற்றினார். அத்தனை வருடத்தில் என் வண்டிக்கு மாமா ஊற்றிய முதல் பெட்ரோல் அது. டேப்பையும் அவரையே ஆனுக்குத் திருப்பச் சொன்னேன்.

பந்தலில் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார். குரல் இறங்கிப்போயிருந்தது. "எங்க மச்சான் பரிச்சயில பெயிலாவல. அவரு எழுதவே இல்ல. மொத நாளு வண்டிய நான் எடுத்துனு போயி பெட்ரோல் இல்லாம உட்டுட்டன். டேங்கு சாவியும் எங்கிட்டயே இருந்திச்சி. அவரு வழியில நின்னுட்டாரு" என்றார். பாதிப் பேருக்கு எதற்கு இதைச் சொல்கிறார் என்றே விளங்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஆபீஸ்காரர்களுக்கு விளங்கிற்று. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் வீறிட்டு அழுதது. அந்த போட்டோ இப்போதும் கிள்ளை வீட்டில் மாட்டியிருக்கிறது. குழந்தை அழுகிறது, அதன் காதைப் பார்த்து எல்லாரும் கவலையாக நிற்கிறார்கள், தாய்மாமன் மட்டும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

பந்தி முடிந்து நான் கிளம்பும்போது அக்கா வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவரு சொன்னது நெசமாடா?"

"ஆமாங்க்கா."

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா ஒன் தலையிலதான விடியும்."

அவள் டேங்க் மேல் கையை வைத்தாள். அப்புறம், "நீ பெயிலுன்னு அவரு சொல்றப்பல்லாம் நானும் கூடச் சேந்துதான்டா சிரிச்சன்" என்றாள்.

அதற்குள் உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டு அவள் போய்விட்டாள். நான் வண்டியை எடுத்தேன். முட்லூர் பங்க்கில் டேங்க்கை வழிய வழிய நிரப்பச் சொன்னேன். முள் முக்கால்தான் காட்டியது.