என் முகத்தில் ஊற்றிய தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வடகரையில் மீனுக்கு ஐஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. நானும் என் மனைவியின் தமையனும் அங்கே வேலை செய்தோம். இரண்டு பேருமே கடலுக்குப் போகும் குடும்பங்களில் பிறந்தவர்கள். ஒரு மாரிகாலத்தில் மச்சானின் வள்ளம் கவிழ்ந்து அவன் நீந்திக் கரை சேர்ந்தான். அதற்குப் பிறகு என் மனைவிதான் பிடிவாதமாக நின்று எங்களை அந்த வேலைக்கு அனுப்பினாள். "கூரைக்குக் கீழை வேலை. நானும் பயமில்லாமல் நித்திரை கொள்ளுவன்" என்றாள்.

தண்ணீரை உறைய வைப்பதற்கு அமோனியா வாயு வேண்டும். எஞ்சின் அறை முழுவதும் அது ஓடும் குழாய்கள். மூக்கில் சுரீரென்று ஏறும் அந்த மணம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். எங்களுக்கு அது பழகிவிட்டது. கண்ணில் நீர் வந்தால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். வாயு பெருகினால் போட்டுக்கொள்ள ஒரேயொரு முகமூடி இருந்தது. களவு போய்விடும் என்று மனேச்சர் அதைத் தன் அறை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் மனேச்சர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். நான் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு குழாயின் பொருத்து விட்டுப் போனது. வெள்ளைப் புகை என்னை மூடியது. மூச்சு எடுக்க முடியவில்லை, வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான். மிச்சம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது.

எல்லோரும் வெளியே ஓடியிருக்கிறார்கள். நான் வரவில்லை என்று கண்டதும் மச்சான் தன் தோளில் கிடந்த துவாயை ஈரமாக்கிக்கொண்டு உள்ளே திரும்பியிருக்கிறான். எஞ்சினடியில் கிடந்த என் முகத்தில் அந்தத் துவாயைச் சுற்றிவிட்டு, தன் கண்களைத் திறந்தபடி என்னை இழுத்து வந்திருக்கிறான். வாசல் தெரிய வேண்டுமே.

வெளியே கைக்கெட்டிய தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர்தான் இருந்தது. கிணறு மதிலுக்குப் பின்னால். யாரோ வாளியைத் தூக்கிக்கொண்டு மச்சானிடம் ஓட, அவன் கையைத் தட்டி விட்டானாம். "முதல் அவனுக்கு ஊத்துங்கோ. அவனுக்கு மூச்சில்லை."

முழுவதையும் என் முகத்தில் ஊற்றினார்கள். கிணற்றிலிருந்து அடுத்த வாளி வரும்வரை அவன் வெயிலில் குந்தியிருந்து கண்களைக் கசக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

எனக்கு இருமல் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. அவனுடைய வலது கண் மெல்ல மெல்லத் தெளிந்தது. இடது கண் தெளியவேயில்லை. "உதுக்கு மருந்து தண்ணிதான். உடனை விட்டுக் கழுவியிருந்தால் தப்பியிருக்கும்" என்று டொக்டர் என் மனைவிக்கு விளங்கப்படுத்தினார். நான் பக்கத்தில் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

எஞ்சின் அறை வாசலில் தண்ணீர்க் குழாய் போட்டு, முகமூடியை வெளியே கொழுவும்வரை உள்ளே போக மாட்டோம் என்று நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டோம். மனேச்சர் மறுக்கவில்லை, அவராலும் மச்சானின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னொரு முகமூடியும் வந்தது. காலையில் வேலைக்குப் போனதும் நான் முதலில் அந்தக் குழாயைத் திறந்து பார்ப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

மச்சானுக்கு அரியாலையில் கலியாணம் பேசி முடிந்திருந்தது. கண் போன செய்தி போனதும், கொஞ்சம் பொறுக்கட்டாம் என்று பெண் வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அவன், "விடு, போகட்டும்" என்றான். என்னால் விட முடியவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன். பெண்ணின் தகப்பன் என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார். நடந்ததெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, உமக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுதோ?" என்றார்.

"ஓம் ஐயா."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். இடப்பக்கத்தில் இருந்தவர் தெரியவில்லை. வெட்கமாகிக் கையை எடுத்துவிட்டேன்.

அந்தக் கலியாணப் பேச்சு அத்தோடு குழம்பி நின்றுபோனது. நான் போய் வந்த கதை மச்சானின் காதுக்கு எட்டியது. "ஆரடா உன்னைப் போகச் சொன்னது? எனக்காகப் பிச்சை கேக்கவோ உன்னை இழுத்துக்கொண்டு வந்தனான்?" என்றான். கன நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு பருத்தித்துறையில் கலியாணம் முடித்து, பிள்ளை குட்டியோடு சந்தோஷமாகவே இருந்தான். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தும் எனக்கு ஆறவில்லை.

சில வருடங்கள் கழித்து மறுபடியும் வாயு கசிந்தது. ஐஸ் ஏற்ற வந்த ஒருவரின் முகத்தில் அடித்துவிட்டது. மச்சான்தான் ஓடிப்போய் அவர் தலையைக் குழாய்க்குக் கீழே அமத்திப் பிடித்தான். "கண்ணை மூடாதை! திற, திற!" என்று கத்திக்கொண்டே நின்றான். மாலையில் அந்த மனிதர் தானாகவே சைக்கிள் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். எல்லோருக்கும் மனேச்சர் சோடா வாங்கித் தந்தார். மச்சான் என் முதுகில் தட்டிச் சிரித்தான். நான் சோடாவைக் குடிக்காமல் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மனிதரின் கண் தப்பியதற்குக்கூட என்னால் சந்தோஷப்பட முடியவில்லை என்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன். சோறு போட எடுத்த கோப்பையைக் கையில் வைத்தபடி நின்றாள்.

"நீங்கள் உயிரோடை வந்தது எனக்கு எவ்வளவு சந்தோசம். ஆனால் அண்ணை முற்றத்திலை வந்து நிக்கேக்கை, நான் சந்தோசப்பட்டதே பிழை மாதிரிக் கிடக்கு."

அவளுக்கும் அப்படி இருந்தது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன்.