கோழிக்கு வைத்த கிண்ணம்

இந்த மாதிரிப் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறவள் நான். ஐந்தாவதுதான் படித்தேன், ஆனாலும் பேய் பிசாசை நம்பினதே இல்லை. இப்போது நானே சொல்ல வேண்டியிருக்கிறது, நீங்கள் சிரித்தாலும் சரி.

காரமடைக்குப் பக்கத்தில், பாக்குத் தோப்புக்குள் மகன் புது வீடு கட்டினான். கழிவுத் தொட்டிக்குக் குழி தோண்டும்போது ஒரு பெரிய மண்தாழி உடைந்தது. உள்ளே சின்னச் சின்ன எலும்புகள், ஒரு கிண்ணம். எழுத்தே இல்லாத காலத்துப் பிள்ளை என்றார்கள். எலும்பை அங்கேயே ஓரமாக மூடிவிட்டார்கள். கிண்ணம் உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, கைக்கு அடக்கமாக இருந்தது. கழுவிக் கோழிக்குத் தண்ணீர் வைத்தேன்.

பால் காய்ச்சிக் குடிவந்த பிறகு காலையில் அதில் ஏதாவது கிடக்கும். நத்தைக்கூடு, மயிலிறகு, ஒரு நாள் உயிரோடு பொன்வண்டு. பேரன் வேலை என்று விட்டுவிட்டேன்.

ஒரு மத்தியானம் எல்லோரும் மேட்டுப்பாளையத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கொல்லையில் ஒரு சிறுமி, ஐந்து வயது இருக்கும், பாக்கு மரத்தில் காது வைத்துக் கேட்கிறாள், எறும்புச் சாரையின் பின்னாலேயே தவழ்கிறாள், குழாயில் தொங்கும் சொட்டைத் தொட்டுப் பார்த்து, அது விழுந்ததும் சத்தமே இல்லாமல் சிரிக்கிறாள். கோழிகள் விலகவே இல்லை. அப்புறம் அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து வாயில் வைக்கப் போனாள்.

"ஏ புள்ள! யாரு ஊட்டுப் புள்ள நீ? அது கோழித் தண்ணி, வெச்சுப்போட்டுப் போ!"

பிடுங்கியே விட்டேன். யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சு என்று வளர்ந்தவள் நான்.

அவள் அழவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அன்று காலை மேஸ்திரி பூசிவிட்டுப் போன கழிவுத் தொட்டி மூடிமேல் ஏறி நடந்தாள். சிமெண்டு காயவில்லையே என்று பின்னால் ஓடினேன், ஆள் இல்லை. குட்டிப் பாதத் தடங்கள் மூடியின் நடுவரை போயிருந்தன, அதற்குமேல் இல்லை.

சாயங்காலம் மருமகள் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்கத்தை, சிமெண்டு மேல யாரு நடந்தது?"

"மேஸ்திரி புள்ளையா இருக்கும் அம்மணி."

"அவருக்கு ஏதுங்கத்தை புள்ள? பொண்ணே இன்னும் அமையலீங்க!" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. அந்தத் தாழிப் பிள்ளையின் கிண்ணத்தை அவளிடமிருந்தே பிடுங்கினேன் என்று எப்படிச் சொல்வேன்?

அதிலிருந்து தினமும் கிண்ணத்தை விளக்கி, குடிக்கிற தண்ணீர் ஊற்றி, அந்தப் பாதங்களுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். நத்தைக்கூடோ இறகோ மறுபடி வரவே இல்லை. விடிந்து பார்த்தால் கிண்ணம் குப்புறக் கவிழ்ந்திருக்கிறது. சுற்றிலும் ஒரு சொட்டு ஈரம் இருப்பதில்லை. குடித்துவிட்டுக் கவிழ்க்கிறாளா, உன் தண்ணீர் எனக்கு வேண்டாம் என்று கவிழ்க்கிறாளா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.