டேங்க்கில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்?

எனக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கிறது. உங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

(அப்படித்தான் நினைத்தேன். சரி, மேலே படியுங்கள்.)

பக்கத்து வீட்டுப் பெண் தன் மகனை மனநல டாக்டரிடம் அசெஸ்மென்ட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று இன்று காலை கண்கலங்கினாள். "எனக்கே நடந்திருக்கிறது, உட்கார்" என்று சொல்லிக் காபி கொடுத்தேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எழுபதுகளில் நடந்தது. திருநின்றவூரில் வாடகை வீடு. அப்பாவுக்கு ஆவடி பேக்டரியில் வேலை.

அங்கே என்ன செய்கிறார்கள் என்று அப்பா வாயைத் திறக்கவே மாட்டார். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். சொன்னால் வேலை போய்விடும் என்று நிஜமாகவே நம்பினார்.

ஆனால் ஆவடி ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டியில், தார்ப்பாய் போர்த்தி, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்குமே! "அது இன்னாமா?" என்று கேட்டேன். அம்மா என் காதோடு சொன்னாள், "டேங்க்." சங்கிலியில் ஓடும், உள்ளே நாலு பேர் இருப்பார்கள் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரே டேங்க் அதுதான். (எங்கள் வீட்டில் தண்ணீருக்குக் கிணறும் வாளியும்தான்.)

மூன்றாம் வகுப்பு. தஞ்சாவூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த டீச்சர் கணக்குப் பாடம் நடத்தினார்.

"ஒரு டேங்க்ல ஓட்டை விழுந்தா என்ன ஆகும்?"

நான் எழுந்து சொன்னேன், "உள்ள கீறவங்க செத்துடுவாங்க டீச்சர்!"

டீச்சர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார்.

"டேங்க் உள்ள யாருடி இருப்பா?"

"நாலு பேர் டீச்சர். ஒருத்தர் ஓட்டுவாரு. ஒருத்தர் சுடுவாரு."

அவ்வளவுதான். இந்தக் குழந்தைக்கு ஏதோ கோளாறு, மெட்ராஸில் மனநல டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வந்தால்தான் வகுப்பில் உட்காரலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இரண்டு நாள் உலை வைக்கவில்லை. அம்மா அழுத அழுகையில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது!

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியவராம். அன்பாகத்தான் பேசினார். கட்டைகளை அடுக்கச் சொன்னார், அடுக்கினேன். கதை சொல்லச் சொன்னார், சொன்னேன். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒரு படம் காட்டினார். மாடி வீடு, மேலே உருண்டையாக ஏதோ ஒன்று.

"இது டேங்க். இதுல என்ன இருக்கும் பாப்பா?"

"இது டேங்க் இல்ல. டேங்க்குக்குச் சங்கிலி இருக்கும், பீரங்கி இருக்கும். மரத்த எல்லாம் இடிச்சிகினு போவும்."

"யார் சொன்னா?"

"எங்கப்பாதான் செய்யறாரு!"

டாக்டரம்மா மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"கம்பெனி வேலைம்மா."

"என்ன செய்யற கம்பெனி?"

"இரும்பு வேலைம்மா."

"இரும்புல என்ன?"

அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா பொறுக்க முடியாமல், "அது வந்து டாக்டரம்மா, டே..." என்று ஆரம்பித்தாள். அப்பா அவள் காலை மிதித்தார். "ஏய், வேல பூடும்டி!"

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "குழந்தை கற்பனையையும் நிஜத்தையும் போட்டுக் குழப்பிக்கறா. ஒரு வருஷம் ஸ்கூலை நிறுத்திடுங்க. கொஞ்ச நாள் இங்கயே வார்டுல வச்சுப் பார்ப்போம்."

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவள் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஸ்கூல் கிடையாது, வீடு கிடையாது, அம்மாவும் கிடையாது!

அப்பா எழுந்தார். மூலையில் சாய்த்து வைத்திருந்த டாக்டரம்மாவின் குடையை எடுத்தார்.

"டாக்டரம்மா, நான் கையெயுத்துப் போட்டுக்கீறேன். வாயால ஒண்ணியும் சொல்ல மாட்டேன். நீங்களே பாத்துக்கோங்க."

தரையில் குப்புறப் படுத்தார். குடையை நெற்றியோடு சேர்த்து நீட்டிப் பிடித்துக்கொண்டு முழங்கையால் நகர ஆரம்பித்தார்!

"கடகடகடகட..."

தலை மெதுவாக இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் திரும்பியது. குடை டாக்டரம்மாவைக் குறி பார்த்து நின்றது.

"டொம்ம்!"

டாக்டரம்மா இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். வெளியே இருந்த நர்ஸ் கதவைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

நான் கைதட்டினேன். "இதான் டேங்க், டாக்டர்!"

மேலே போன கால்கள் மெல்லக் கீழே இறங்கின.

"அடக் கடவுளே... போர் டேங்க்கா!" என்றார் டாக்டரம்மா.

அப்பா தரையிலிருந்தே விரலை நீட்டினார். "அது உங்க வாயால வந்துச்சிம்மா! நான் சொல்லல. தே, நீதான் சாட்சி!"

கடைசி வார்த்தை அம்மாவுக்கு. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, எனக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை, உடனே வகுப்பில் சேர்க்கலாம் என்று புதிதாக எழுதிக் கொடுத்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீங்க மட்டும் அடுத்த வியாழக்கிழமை வாங்க" என்றார்!

எனக்காக அந்த மனிதர் சட்டையெல்லாம் அழுக்காக, மூட்டு தேயத் தரையில் ஊர்ந்தார். அதற்குப் பிறகு நான் எத்தனையோ பேரிடம் அன்பைப் பார்த்துவிட்டேன். அவ்வளவு கேனத்தனமான அன்பை வேறு யாரிடமும் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு அன்று மதியம் ஷிப்ட். மூன்று பேரும் ஆவடி பஸ்ஸில் ஏறினோம். நிறுத்தம் வந்ததும் கண்டக்டர் பஸ்ஸையே அதிர வைத்தார்.

"டேங்க் பேக்டரி! டேங்க் பேக்டரிலாம் எறங்கிக்கோ! டேங்க் பேக்டரீஈஈ!"

பாதி பஸ் எழுந்தது. அப்பா மட்டும் அது யார் பேக்டரியோ என்பது போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அவரைப் பார்த்தாள். கண்டக்டரைப் பார்த்தாள்.

"யோவ், இந்த ஆளயே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்கலாமேய்யா!"