பாக்கார் ஆராங்கில் பார்த்த கடல்

போன சனிக்கிழமை தம்பி குமரேசனோடு பாக்கார் ஆராங் போய் வந்தேன். அவன் சரக்குக் கப்பலில் இரவுக் காவல் பார்ப்பவன். கொள்ளையர் ஏறாமலிருக்க முள்கம்பி சுற்றியிருப்பதால், இனி இருவர் வேண்டாம், அவன் ஒருவனே போதும் என்று கணினி சொல்லிவிட்டதாம். அதை விளக்கக் கப்பல் கம்பெனியில் ஊழியர்களையும் குடும்பத்தாரையும் அழைத்திருந்தார்கள். தேநீர், கேக் இலவசம் என்று படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பட்டர்வொர்த்தில் காலை 8.25 ரயில், ஒன்பதுக்கெல்லாம் சுங்கை பட்டாணி. டிக்கெட் நாலரை ரிங்கிட். அங்கிருந்து பாக்கார் ஆராங் மூன்று கிலோமீட்டர், கிராப் டாக்சிக்கு ஒன்பது ரிங்கிட்.

“கடலே இல்லாத எடத்துல கப்பல் மீட்டிங்கா, அக்கா?” என்றார் டிரைவர். எனக்கும் அதே யோசனைதான்.

கடைவீட்டு மாடியில், கணினியில் கொள்ளையை நடத்திப் பார்க்கும் சிமுலேஷனைச் செய்த பவித்ரா, திரையில் கடலைக் காட்டினாள். பச்சைப் புள்ளிகள் கப்பல்கள், சிவப்பு கொள்ளைப் படகுகள். ஒரே காவலாளோடு நூறு முறை ஓட்டினாள். முள்கம்பியைக் கண்டதும் சிவப்புப் புள்ளிகள் நல்ல பிள்ளைகளாகத் திரும்பிப் போயின. இவ்வளவு அடக்கமான திருடர்களை நான் பார்த்ததில்லை. இந்தப் பழக்கத்தை இவர்களுக்கு யார் கொடுத்தது என்று கேட்டேன். கப்பல்கள் புகார் செய்த சம்பவங்களிலிருந்து எடுத்தது என்றாள்.

குமரேசன் கேக் தட்டைக் கீழே வைத்தான்.

“எங்க கப்பல்ல ஏறுனத ரிப்போர்ட்டே பண்ணல லா. பண்ணா விசாரணைன்னு போர்ட்ல நிப்பாட்டிருவாங்கன்னு கேப்டன் மூடிட்டாரு. கம்பி இருந்துச்சு. அது மேல சாக்கப் போட்டு ஏறுனானுங்க.”

நான் அவன் தோளைப் பார்த்தேன். போன வருடம் தோளில் தையலோடு வந்தவன், ஏணியில் சறுக்கியதாகச் சொன்னான். ஊரையே சந்தேகப்படும் நான் அதை நம்பினேன். கோலா கெத்திலில் இருக்கும் அம்மாவையும் நம்பவைத்தேன்.

கடலில் எந்த இடம் என்று பவித்ரா கேட்க, அவன் எழுந்து போய்த் திரையில் விரல் வைத்தான். பின்வரிசையிலிருந்து இன்னும் இருவர் விரல் வைக்க வந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ஓட்டினாள். இந்த முறை சிவப்புப் புள்ளிகள் திரும்பவில்லை. கம்பெனி அதிகாரி, இப்போதைக்கு இருவரே இருக்கட்டும் என்றார். அந்த ‘இப்போதைக்கு’ எத்தனை நாளோ, எனக்கு நம்பிக்கையில்லை.

வெளியே வந்ததும், “அம்மாவுக்குத் தெரிய வேணாங்கா,” என்றான் குமரேசன்.

இப்படியொரு கூட்டத்துக்குப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: கேக்கைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். கணினியைக் கேள்வி கேட்குமுன் கூட வருகிறவரைக் கேளுங்கள். ரயிலுக்குத் திரும்பும் டிக்கெட் வாங்காதீர்கள். எங்கள் இரண்டு டிக்கெட்டும் வீணாயின. இருபது கிலோமீட்டர் தள்ளி, கோலா கெத்திலுக்கு, அம்மாவிடம் அவனை அழைத்துப் போனேன்.