வேண்டிக்கொள்ளாத ஆடிச்சுற்று

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அப்போதெல்லாம் சங்கரன்கோவிலில் மீசை முளைத்த ஆண்பிள்ளை காரணமில்லாமல் ஓட முடியாது. ஓடினால் ஒன்று ரயிலுக்கு நேரமாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் யார் வீட்டிலாவது தீப்பிடித்திருக்க வேண்டும். நான் ஓட ஆரம்பித்த முதல் நாள் ஸ்டேஷன் ரோட்டில் இரண்டு பேர் என்னோடு சேர்ந்து ஓடிவந்தார்கள். பாதி தூரம் வந்த பிறகுதான் எதற்கு ஓடுகிறோம் என்று கேட்டார்கள். மறுநாள் ஒரு அண்ணாச்சி சைக்கிளை நிறுத்திப் பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றதும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் நாய்கள் வந்தன. அவை காரணம் கேட்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஜவுளிக்கடையில் வேலை. காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், பெண்கள் பிரித்துப் போட்டு வேண்டாம் என்று எழுந்துபோகும் சேலைகளைப் பொழுது சாயும்வரை மடித்துக்கொண்டிருக்க வேண்டும். இப்படியே கிழவனாகிவிடுவேன் என்ற பயம் என்னைப் பிடித்து ஆட்டியது. ஆடிக் கடைசியில் பாளையங்கோட்டையில் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஒரு மைல் ஓட வேண்டும் என்று கேள்விப்பட்டேன். அந்த ஒரு மைல்தான் எனக்கும் கடைக்கும் நடுவில் இருந்தது. லீவு வேண்டுமே என்று கடை முதலாளியிடம் மட்டும் சொல்லிவைத்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை. என் அப்பா பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர். காக்கி என்ற சொல்லைக் கேட்டாலே அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள்.

நல்லவேளையாக ஆடித்தபசுக்குக் கொடியேறியது. ஊரே கோயிலைச் சுற்ற ஆரம்பித்தது. அம்பாள் ஒற்றைக் காலில் நின்று தபசு செய்த மாதம். கோயிலைச் சுற்றுகிறவர்களின் கால்வலியை அவளே வாங்கிக்கொள்வாள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. எனக்கு நம்பிக்கை கிம்பிக்கை எதுவும் கிடையாது. நான்கு ரத வீதியும் விடிகாலையில் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள், அது போதும். கூட்டத்தோடு கூட்டமாக ஓடினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த வீட்டு அக்கா மட்டும் எத்தனை சுற்று என்று கேட்டாள். வாயில் வந்தபடி நூற்றெட்டு என்று சொல்லித் தொலைத்தேன்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. கோயில் வாசலை மிதிக்காத மகன் நூற்றெட்டுச் சுற்று வேண்டியிருக்கிறான் என்று அம்மாவுக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். போலீஸ் விஷயத்தை மறைக்க இதைவிட நல்ல திரை கிடைக்குமா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நான் ஒரு பெரிய மூளைக்காரன்.

வேண்டுதல் என்று ஆனபின் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டல்லவா? ஆசையாக வாங்கிய கேன்வாஸ் ஷூவைக் கடை மூலையில் போட்டேன். ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. தினமும் ஒன்பது சுற்றாவது ஓடினால்தான் தபசுக்குள் முடியும். அத்தனையும் வலமாக. எல்லா முக்கிலும் வலது பக்கமே திரும்ப வேண்டும். ஐந்தாம் நாள் கடைப்படி இறங்கும்போது வலது முட்டில் ஊசி குத்தியது. ஆறாம் நாள் சம்மணத்திலிருந்து எழும்ப, துணி எடுக்க வந்து பக்கத்தில் இருந்த கிராக்கியின் தோளைப் பிடித்தேன்.

பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாரிடம் போய்க் காட்டினேன். அவர் முட்டில் அழுத்திப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை, பழகாத காலை ஒரேயடியாகப் போட்டு அடித்திருக்கிறாய் என்றார். ஒரு வாரம் சும்மா இருந்தால் போய்விடும். இருக்க முடியாது என்றால் எதிர்ப்பக்கமாகவாவது ஓடு என்றார். ஆடி மாதம் அம்பாள் கோயிலை இடமாகச் சுற்றி ஓடினால் முட்டு மட்டுமா வலிக்கும்? ஊரே சேர்ந்து முதுகையும் கவனித்திருக்கும். சும்மா இருக்கலாம் என்றால், வேண்டுதலைப் பாதியில் விட்டுவிட்டான் என்று அம்மா பட்டினி கிடப்பாள். அப்புறம் உண்மையைச் சொல்ல வேண்டிவரும்.

ஓடினேன். நொண்டிக்கொண்டு ஓடினேன். நான் நொண்ட நொண்ட ஊரில் என் மதிப்பு ஏறியது. பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அம்மா தினமும் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து முட்டில் அப்பிவிட்டு, அம்பாளே ஒற்றைக் காலில் நின்றாள், உனக்கு ஒரு கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆறுதல் சொன்னாள். தபசன்று காலையில் நூற்றெட்டாவது சுற்றை முடித்தேன். நான் வேண்டாத வேண்டுதல் ஒரு குறையும் இல்லாமல் நிறைவேறியது.

நாலு நாள் கழித்துக் கடைக்குச் சரக்கெடுக்கப் போகிறேன் என்று சொல்லிப் பாளையங்கோட்டைக்குப் போனேன். மைதானத்தை நாலு தரம் சுற்ற வேண்டும். மூன்று சுற்றுவரை முதல் ஐந்து பேரில் நான் இருந்தேன். நாலாவதில் முட்டு மடங்க மாட்டேன் என்றது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். கடைசித் தூரத்தை நடந்துதான் கடந்தேன். அங்கே நின்ற அதிகாரி என் முட்டில் காய்ந்திருந்த புற்றுமண்ணைப் பார்த்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பஸ்ஸில் வரும்வழி முழுக்க அழுதேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டிவிட்டேன். போலீசுக்காகத்தான் ஓடினேன், வேண்டுதல் எல்லாம் பொய், தோற்றுவிட்டேன் என்றேன். அவள் எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்லே. நீ ஓட ஆரம்பிச்ச அன்னைக்கே ஒன் மொதலாளி சொல்லிட்டாரு."

தெரிந்துமா ஓடவிட்டாய் என்று கத்தினேன்.

"நான்தான் தெனமும் அம்பாள்ட்ட சொல்லுவேன், இவன் சுத்துததெல்லாம் என் வேண்டுதலுக்குன்னு எடுத்துக்கோன்னு. இவனைக் காக்கி போட வச்சிராதன்னு."

என் காலைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணெய் நல்ல சூடு. என் முட்டு போய்விட்டதே என்றேன்.

"முட்டு வலி பத்து நாள்ல போயிரும். நீ போயிட்டா நான் என்னலே செய்ய?"

பத்து நாள் ஆகவில்லை. எட்டாம் நாள் வலி போய்விட்டது. நான் கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.