இரண்டும் பெட்டை

ருய்லியன் மீன் குளங்களுக்குக் காற்றேற்றும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். எங்கள் கடலோரத்துக் குளக்காரர்கள் எல்லோரிடமும் அவள் கைபேசி எண் இருக்கும். கோடையில் சக்கரம் நின்றுபோனால் பால்மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அப்போது அழைத்தால் பாதிச் சோற்றில் எழுந்து வருகிறவள் அவள்தான். அகலமான தோள், குட்டை முடி, நகக்கண்ணில் எப்போதும் கருப்பு. அப்பாவிடம் கற்ற வேலை. அண்ணன் குவாங்யிக்கு எண்ணெய் வாசனை ஆகாது. அவன் ஊர் அலுவலகத்தில் வேலைக்குப் போய்விட்டான். அப்பா காலமான பிறகு கடை இவளுடையது.

நான் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, நடக்கவைக்கிற வேலைக்குப் பயிற்சி பெற்றவள். ருய்லியனுடைய அம்மா கிம்ஹோ இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். கிம்ஹோ பாதி வாக்கியம் பேசுவாள். மீதி நமக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொள்வாள். மகளோ, புரியாவிட்டாலும் திருப்பிக் கேட்க மாட்டாள். இப்படி இரண்டு பேர் ஒரே குடும்பத்தில் இருந்தால் சிக்கல் வராமல் இருக்குமா?

கடையின் மாடியில் ருய்லியனோடு யாச்சிங் என்ற பெண் பல வருடங்களாக இருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஊர் அவளை "கூடத் தங்கியிருக்கிற பொண்ணு" என்றது. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு மதியம் ருய்லியன் மீன் கொண்டுவந்தாள். கிம்ஹோ நாற்காலியில் உட்கார்ந்தபடி வறுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ருய்லியன் தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் பேசினாள்.

"அம்மா, யாச்சிங் சும்மா கூடத் தங்கியிருக்கிறவ இல்ல. எனக்குப் பொண்ணுங்க மேலதான் மனசு போகும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அடுத்த வாரம் நாங்க ரெண்டு பேரும் கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கப் போறோம்."

கிம்ஹோ மீனைத் திருப்பிப் போட்டாள். "அந்தப் பொண்ணுக்கு மீன்ல முள்ளெடுக்கத் தெரியுமா?"

"தெரியாதும்மா. நான்தான் எடுத்துக் குடுப்பேன்."

"ம்."

அவ்வளவுதான். ருய்லியன் என் முகத்தைப் பார்த்தாள். "சாப்பிடு, ஆறிப்போகுது" என்றேன். வேறென்ன சொல்ல?

பதிவு முடிந்தது. ருய்லியன் வழக்கம்போல் வந்துபோனாள், தனியாக. அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. சந்திர வருடப் பிறப்பு நெருங்கியது. பழைய வருடத்தின் கடைசி ராத்திரி விருந்துக்கு மீன் கொண்டுவந்து சமைப்பது எப்போதும் அவள் பொறுப்பு. அந்த மேசையில் அவள் உட்காராத வருடமே கிடையாது. நான் கிம்ஹோவுக்குக் கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது வந்து கேட்டாள்.

"அம்மா, கடைசி ராத்திரிக்கு மீன் எத்தனை எடுத்துட்டு வரட்டும்?"

"நீ வராதே. அண்ணன் பாத்துப்பான்."

ருய்லியன் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு வெளியே போனாள். வண்டி ஒரே உதையில் கிளம்பவில்லை. அவள் வண்டி அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகு மீன் அண்ணன் கையில் வந்தது, அவள் வரவில்லை. தெருவில் எந்த வண்டி போனாலும் கிம்ஹோ காதைத் தீட்டிக்கொள்வாள். "அவளா?" என்பாள். "இல்ல" என்பேன். "ம்" என்பாள்.

வருடத்தின் கடைசி நாள் காலை. கிம்ஹோவைக் குளிப்பாட்டி முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சந்தைக்குப் போறியா? கோழிக்கார ஆஹாய் கிட்ட வளக்கிற வயசுல ரெண்டு கோழி சொல்லிடு. சிவப்பு நூல் கட்டணும். ரெண்டு கரும்பு, வேரோட, தோகையோட."

என் கை நின்றுவிட்டது. கல்யாணமான மகள் துணையோடு முதல் தடவை பிறந்த வீட்டுக்கு வந்து திரும்பும்போது கொடுத்தனுப்பும் சீர் அது. புது வருடத்தின் இரண்டாம் நாள் கொடுப்பது.

"யாருக்கு அக்கா?"

"எனக்கு எத்தனை பொண்ணு?"

"அவளைத்தான் வராதேன்னுட்டீங்களே!"

"கடைசி ராத்திரி வராதேன்னேன். கட்டிக் குடுத்த பொண்ணு அன்னிக்குப் பிறந்த வீட்டுச் சோறு தின்னா அண்ணன் குடும்பம் தேஞ்சுபோகும். ரெண்டாம் நாள்தான் வரணும். இதையும் சொல்லித் தரணுமா?"

"வீட்டை விட்டே துரத்திட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா அவ."

கிம்ஹோ ஈரத் துண்டை என் கையிலிருந்து பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "மடச்சி," என்றாள். "நான் அவளைக் கட்டிக் குடுத்துட்டேன்னு நெனச்சேன். அவதான் நெனைக்கல."

அது உண்மைதான். கட்டிக்கொடுத்த பெண்களுக்கான வழக்கம் தனக்கும் உண்டு என்று ருய்லியன் எதிர்பார்த்திருக்கவே மாட்டாள். தோழிகள் ஒவ்வொருவராக இரண்டாம் நாள்காரிகளாக ஆனபோது இவள் மட்டும் கடைசி ராத்திரி மேசையிலேயே இருந்தவள்.

"போன் போட்டுக் குடுக்கறேன், பேசுங்க."

"நான் கூப்பிடக் கூடாது. அண்ணன் போய்க் கூப்பிடணும்."

நானே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொன்னால் அது ஆறுதல். அண்ணன் சொன்னால்தான் அழைப்பு. குவாங்யி வாசலில் புது வருடத்துச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"நானா? போய் என்னன்னு கூப்பிடுறது லின் அக்கா? மாப்பிள்ளைய அழைச்சிட்டு வான்னா? ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும். உங்க அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ தினமும் கஞ்சி கொண்டுவந்தது யாரு?"

"யாச்சிங்."

"பேரு தெரியுதில்ல? அதைச் சொல்லியே கூப்பிடு. இப்பவே போ."

கையில் பசையோடு போனான்.

அங்கே நடந்ததை ருய்லியன் பிறகு சொன்னாள். அவள் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தாளாம். அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றபடி, "நாளன்னிக்குக் காலையில வர்றேன். நீயும் யாச்சிங்கும் கிளம்பி இருங்க" என்றானாம்.

"அம்மா வராதேன்னாங்களே."

"கல்யாணமான பொண்ணு எவடி கடைசி ராத்திரி அம்மா வீட்டுல சாப்பிடுவா?"

ருய்லியன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு திருகாணி உருண்டு அலமாரிக்கு அடியில் போனது. யாச்சிங்தான் மண்டியிட்டுத் தேடி எடுத்தாள்.

நான் சந்தைக்குப் போனேன். நான் கிளம்பும்போது கிம்ஹோ இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தாள். அதை ஆஹாயிடம் சொன்னேன்.

"ரெண்டும் பெட்டையா? சீர்க் கோழின்னா சேவலும் பெட்டையும்தானே, லின் அக்கா? காலம் காலமா அப்படித்தானே?"

"கிம்ஹோ ரெண்டும் பெட்டைன்னுதான் சொன்னா. அந்த வீட்டுல சேவலுக்கு என்ன வேலைன்னு கேக்கறா."

அவன் கொஞ்சம் யோசித்தான். "பம்பு கடை ருய்லியனா?"

"ஆமா."

கூண்டிலிருந்து எடுத்த இரண்டையும் திரும்ப உள்ளே விட்டான். தேடித் தேடி, கொழுத்ததாக வேறு இரண்டைப் பிடித்தான். "போன கோடையில என் தம்பி குளத்தைக் காப்பாத்திக் குடுத்தவ. இது நல்லா முட்டை போடுற ஜாதி" என்று சிவப்பு நூலைத் தானே கட்டினான்.

இரண்டாம் நாள் கிம்ஹோ என்னையும் வரச் சொன்னாள். ருய்லியனுக்கு நகங்களைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி சிவந்திருந்தது. யாச்சிங் ஜோடி ஜோடியாகப் பலகாரப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். குவாங்யி வாசலைப் பார்த்த நாற்காலியை இழுத்தான். அது மாப்பிள்ளை உட்காரும் இடம். "யாச்சிங், இங்க உக்காரு." அவள் தயங்கினாள். "உக்காரும்மா, மீன் ஆறுது" என்றாள் கிம்ஹோ.

பிறகு மீனின் வயிற்றுப் பக்கத்தைத் தன் கிண்ணத்தில் எடுத்து, ஒவ்வொரு முள்ளாகக் கிழவியே பிடுங்கி, யாச்சிங்கின் சோற்றின் மேல் வைத்தாள். "இன்னிக்கு மட்டும்தான். நாளையிலேர்ந்து அவளே எடுத்துக் குடுக்கட்டும்."

யாச்சிங் குனிந்தபடி சாப்பிட்டாள். கண்ணீர் சோற்றில் விழுந்ததை நாங்கள் யாரும் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டோம்.

"நேராச் சொல்லியிருக்கலாம்ல அம்மா?" என்றாள் ருய்லியன்.

"நேராக் கேட்டிருக்கலாம்ல?"

குவாங்யியின் மனைவி சிரித்துவிட்டாள், அப்புறம் எல்லோரும்.

சாயங்காலம் சிறுவண்டியின் ஜன்னல் வழியே கரும்புத் தோகை நீட்டிக்கொண்டிருக்க, மடியில் கோழிக் கூடையோடு யாச்சிங் உட்கார்ந்து போனாள். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் கிம்ஹோ வாசல்வரை நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவ்வளவு தூரம் அவள் நடந்தது அன்றைக்குத்தான்.

என் வேலையில் வீடுகளில் ஆள் குறைவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் ஆள் கூடியதையும் பார்க்கக் கிடைத்தது, அதற்கு நன்றி. கோழிகள் பம்பு கடைக்குப் பின்னால் சிந்திய மீன் தீவனத்தைக் கொத்திக்கொண்டு திரிகின்றன. ருய்லியன் முட்டைகளைத் துணியில் சுற்றி என் வண்டிக் கூடையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். முட்டையில் லேசாக மீன் வாசனை அடிக்கும். இஞ்சி போட்டுப் பொரித்தால் தெரியாது.