வேட்டிக்கு ஒரு விண்ணப்பம்

வேட்டியை முதலில் வாங்கிவிட்டேன். அனுமதி கேட்டது அதற்குப் பிறகுதான். என் அவசரத்துக்கு எல்லா வேலையும் இந்த வரிசையில்தான் நடக்கும். சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் வாங்கிய எட்டு முழம், பச்சைக் கரை. வீட்டில் பையைப் பிரிக்கும்போதே மனைவி பிடித்துக்கொண்டாள்.

"இத்த கட்டிகினு எங்க போப்போறீங்க?"

"ஆபீசுக்கு."

"உங்கள உள்ள வுடுவாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் கேட்டதில் தப்பே இல்லை, அதனால்தான் சுருக்கென்றது.

நெய்வேலி நகரியத்தில் ஓர் ஆபீசின் ஸ்டோர்ஸில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். கான்ட்ராக்ட். போல்ட், நட்டு, கையுறை, கிரீஸ் டப்பா எது வேண்டுமென்றாலும் என் கவுண்டரில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். எவ்வளவு பெரிய ஆபீசராக இருந்தாலும் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணி தர மாட்டேன். அந்த விறைப்புக்கு எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு.

ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு வாரம் முன்னால் நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை ஒட்டுவார்கள். விழாவன்று பணியாளர்கள் அனைவரும் பாரம்பரிய உடையில் வரலாம். கடைசி வரி: ஒப்பந்தத் தொழிலாளர்கள் வழக்கம்போல் சீருடையில் வர வேண்டும். காரணம் கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். சுற்றுகிற எந்திரத்துக்குப் பக்கத்தில் வேட்டியோடு போனால் ஆளையே இழுத்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். என் ஸ்டோர்ஸில் சுற்றுவது தலைக்கு மேலே ஒரு மின்விசிறி. அதுவும் பாதி நாள் சுற்றாது.

பதின்மூன்று பொங்கலுக்கு நாங்கள் நீலச் சட்டையோடு கரும்பு கட்டினோம், அடுப்பு மூட்டினோம், மற்றவர்கள் வேட்டியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்போதெல்லாம் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. போன வருடம் என் அப்பா செத்துப்போனார். குளிப்பாட்டி, புது வேட்டி கட்டிக் கிடத்தினோம். கணுக்கால் வரை இறங்கிய வேட்டியில் அவரைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. அவர் காலமெல்லாம் வயலில் கூலிக்குப் போனவர். முழங்காலுக்குக் கீழே துணி இறங்கினால் ஊர்க்காரர்கள் யாராவது, "என்னடா, கல்யாணமா?" என்று கேட்பார்கள். கேட்பதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவர் எழுபது வயதைத் தாண்டினார். அதை நினைக்க நினைக்க என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. இந்த வருடம் நான் வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டு, சம்பளம் வாங்குகிற இடத்துக்குள் நடந்து போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விண்ணப்பத்தை நான்கு தரம் எழுதினேன். 'பாரம்பரிய உடையில் பணிக்கு வர அனுமதி வேண்டி' என்பது வரை கை ஓடியது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் நின்றது. அப்பாவின் கதையையா எழுத முடியும்? கடைசியில் 'எனது விருப்பத்தின் பேரில்' என்று எழுதி, ஆபீசின் தொழிலாளர் நல அலுவலரிடம் கொண்டுபோனேன். தென்மாவட்டத்துக்காரர், நல்ல மனுஷர். எங்கள் ஆட்களுக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரி வரை கூடவே வருவார். படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிங்க சார்."

"சரி, வெச்சுட்டுப் போங்க. நான் பேசிப் பாக்கறேன்."

இந்தப் பக்கத்தில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. வேட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை.

பிறகு நான்கு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நோட்டீஸ் போர்டைக் காலையில் பார்ப்பேன், டீக்குப் போகும்போது பார்ப்பேன், வீட்டுக்குக் கிளம்பும்போது பார்ப்பேன். பதினாறு எம்.எம். போல்ட் கேட்டவனுக்குப் பன்னிரண்டைக் கொடுத்தேன். சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போகாமல் நகரியத்துக்குள் பிளாக் பிளாக்காகச் சைக்கிளை மிதித்தேன். வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. பழகியது கைலிதான் என்பதால் வேட்டி இடுப்பில் நிற்கவே இல்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து பழகினேன். மூன்றாவது நடையில் அவிழ்ந்தது. மனைவி பெல்ட்டை எடுத்து நீட்டினாள்.

"நாலு நாளா தூக்கமும் இல்ல, சோறும் இல்ல. இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா இன்னா பண்ணுவீங்க?"

"தெரியலடி" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

விழாவுக்கு முதல் நாள் மதியம் பட்டியல் ஒட்டினார்கள். கலை நிகழ்ச்சியில் பங்கேற்போர். தப்பாட்டக் குழு, எட்டுப் பேர். ஏழு பேர் வெளியிலிருந்து வருகிறவர்கள். எட்டாவது பெயர் என்னுடையது. பக்கத்தில், 'ஸ்டோர்ஸ், சீருடையிலிருந்து விலக்கு, வேட்டி அனுமதிக்கப்படுகிறது'. காது இரண்டும் சூடாகிவிட்டன. பக்கத்தில் நின்ற ஒருவர், "அடேங்கப்பா, சொல்லவே இல்லையே!" என்று முதுகில் தட்டினார்.

தப்பு அடிப்பதைக் கேவலம் என்று நான் சொல்லவே மாட்டேன். என் சித்தப்பா மகன் குழு வைத்திருக்கிறான், அவன் குச்சியை எடுத்தால் எனக்கே கால் நிற்காது. அவன் கற்றுக்கொண்டான், நான் கற்றுக்கொள்ளவில்லை. என் கைக்குத் தெரிந்தது அளவு பார்க்கிற வெர்னியரைப் பிடிக்க. நேரே நல அலுவலரிடம் போனேன்.

"சார், எனக்கு அடிக்கத் தெரியாதுங்க."

அவர் நிமிர்ந்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

அந்த முகத்தில் இருந்தது சுத்தமான ஆச்சரியம். கிண்டலாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

"உங்களுக்காகத்தான் இப்படிப் போட்டேன்" என்றார். "கலை நிகழ்ச்சின்னாத்தான் மேல ஒத்துக்கிடுவாங்க. தனியா உங்களுக்கு மட்டும் பெர்மிஷன்னா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்கள்ல? அடிக்க வேண்டாம். சும்மா கையில வெச்சுக்கிட்டு நில்லுங்க."

கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெளியே வந்தேன். அவர் எனக்கு நல்லது செய்திருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டில் சொன்னபோது மனைவி கொடியில் கிடந்த வேட்டியை எடுத்து மடித்தாள்.

"வேட்டிய கட்டிகினு போங்க" என்றாள் அப்புறம். "அடிக்கிறதும் அடிக்காததும் உங்க கை."

மறுநாள் கேட்டில் செக்யூரிட்டி பட்டியலைப் பார்த்தார். "தப்பாட்டமா? அப்படி மரத்தடிக்குப் போங்க."

"நான் ஸ்டோர்ஸுங்க."

"ஸ்டோர்ஸுன்னா யூனிஃபார்ம் போட்டுகினு வாங்க. கான்ட்ராக்ட்டுன்னா வேட்டி இந்த லிஸ்டுக்கு மட்டும்தான்."

பின்னால் சைக்கிளும் வண்டியுமாக ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். திரும்பிப் போனால் வேட்டியை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்க மனம் வரவில்லை. மரத்தடிக்குப் போனேன். என் கொள்கை அவ்வளவுதான்.

அங்கே குழுத் தலைவர் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கிப் பிடித்த விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, பழக்கம் இல்லீங்களா?"

"இல்லப்பா."

"பரவால்லீங்க. கடைசில நில்லுங்க, நாங்க பாத்துக்கறோம்."

அவர் காரணம் கேட்காதது அன்றைக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

விழாவுக்கு அழைத்திருந்த சிறப்பு விருந்தினரின் கார் வந்தது. ஏழு தப்பும் ஒரே அடியாக முழங்கின. எட்டாவது என் தோளில் தொங்கியது. குச்சிகளை இடுப்பில் செருகி, இரண்டு கையையும் பக்கவாட்டில் விட்டுக்கொண்டு நின்றேன். அடிக்காமல் நிற்கிறேன் என்பதை எல்லோரும் பார்க்க வேண்டும், நல அலுவலர் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். நெஞ்சு அடித்த அடியில் தப்பே அதிர்ந்தது. ஆபீஸ் முழுக்க எதிரில் நின்று பார்த்தது, படம் எடுத்தது.

அடி முடிந்ததும் விருந்தினர் வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டு வந்தார். கடைசியில் என்னிடம் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதமா அடிச்சீங்க. உங்க ரத்தத்துல ஊறினதுல்ல!"

"நான் அடிக்கவே இல்லீங்க சார்" என்றேன். "நான் ஸ்டோர்ஸ் பாக்கறேன்."

"வெரி குட், வெரி குட்" என்று தோளைத் தட்டிவிட்டு மேடைப் பக்கம் போய்விட்டார். நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. நான் அடிக்காததையும் ஒரு ஆள்கூடக் கவனிக்கவில்லை.

தப்பைக் கழற்றிக் குழுத் தலைவரிடம் கொடுத்தேன். பிறகு என் கால்தான் என்னைக் கொண்டுபோனது. பந்தலுக்குள் நுழைந்து, இரண்டாவது வரிசையில் பர்மனென்ட் ஆட்களுக்கு நடுவே காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வேட்டி கணுக்கால் வரை இறங்கியிருந்தது. நல அலுவலர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார். யாராவது வந்து எழுந்திருக்கச் சொல்வார்கள் என்று ஒவ்வொரு நொடியும் காத்திருந்தேன்.

மேடையில் வாழ்த்துப் பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். பாட்டு முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.